பையன் திருந்தினானா? - பாஸ்டன் பக்கம் ஒரு கணக்கு வழக்கு

'ப்ரொபேஷன்'னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது வேலைக்குச் சேர்ந்த புதுசுல வர்ற அந்த ஆறு மாசம்தான். லீவு கேட்கப் பயந்துகிட்டு, மேனேஜர் அடிக்கிற மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரிச்சு வைக்கிற காலம். கோர்ட்டுல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். தப்பு பண்ணினவனை உள்ளே தள்ளாம, "வெளியிலயே இரு, ஒழுங்கா இருக்கியான்னு பார்க்கிறோம்" என்று ஒரு அலுவலரின் பார்வையில் விடுவது. நம்மூர் அரசாங்கத் தமிழில் நன்னடத்தைக் கண்காணிப்பு. லத்தீன்ல இதோட மூலச் சொல்லுக்கு சோதித்துப் பார்ப்பது என்று பொருள்.

பையனைச் சோதிக்கிறாங்க, சரி. பையனைத் திருத்துறோம்னு சொல்லிக் காசு வாங்குறவங்களை யார் சோதிக்கிறது? அமெரிக்காவுல பல ஊர்களில் ப்ரொபேஷனில் இருக்கிற பசங்களுக்கான கவுன்சிலிங், டியூஷன், சாயங்கால வகுப்பு, வீட்டுக்கு வந்து விசாரிக்கிறது எல்லாத்தையும் அரசாங்கம் நேரடியா செய்யறதில்லை. அந்தந்தப் பகுதியில் இருக்கிற தனியார் அமைப்புகளிடம், பெரும்பாலும் லாப நோக்கமில்லாத அமைப்புகளிடம், காண்ட்ராக்ட் விட்டுடறாங்க. பில் வருது, செக் போகுது. நடுவுல பையன் என்ன ஆனான்?

இந்தக் கேள்வியோட வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. அதுல பாதிக்கு மேல மாசசூசெட்ஸ்ங்கிற ஒரே மாநிலத்துல, பாஸ்டனைச் சுத்தியே நடந்திருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

1841 ஆகஸ்ட். பாஸ்டன் போலீஸ் கோர்ட்டுல ஜான் அகஸ்டஸ்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். தொழில் பூட்ஸ் தைக்கிறது. மதுவிலக்குப் பிரசாரத்துல ஆர்வம் உள்ளவர். கந்தல் துணியோட ஒரு குடிகாரரைக் கொண்டு வந்து நிறுத்தறாங்க. சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப் போறாங்க, இனி குடிக்க மாட்டேன்னு அந்த ஆள் கெஞ்சறார். அகஸ்டஸ் தன் பொறுப்பில் ஜாமீன் எடுத்துக்கிட்டுப் போறார். மூணு வாரம் கழிச்சுத் திரும்ப வந்தப்போ கோர்ட்டுல இருந்தவங்களுக்கு ஆளை அடையாளமே தெரியலை. நீதிபதி போட்ட அபராதம் ஒரு செண்ட். கோர்ட் செலவு தனி.

அப்புறம் நம்மாளு நிறுத்தவேயில்லை. பெண்கள், சின்னப் பசங்கன்னு எல்லோரையும் ஜாமீன்ல எடுக்க ஆரம்பிச்சார். 1858 வரைக்கும் 1,152 ஆண்கள், 794 பெண்கள். கோர்ட்டு ஆளுங்களுக்கு இவரைக் கண்டா ஆகாது. ஏன்னா ஜெயிலுக்குப் போற ஒவ்வொரு தலைக்கும் அவங்களுக்கு ஒரு கட்டணம் வந்துகிட்டிருந்தது, அதை இவர் கெடுத்தார். (எந்த ஊரா இருந்தா என்ன, எந்த நூற்றாண்டா இருந்தா என்ன!) 1859-ல் செத்துப்போறப்போ கையில காசில்லை.

அகஸ்டஸ் ஒரு நல்ல காரியம் பண்ணினார்: கணக்கு வெச்சார். 1852-ல் தன் வேலையைப் பத்தி ஒரு அறிக்கையும் அச்சடிச்சார். முதல் 1,100 பேர்ல ஜாமீன் தொகை பறிபோனது ஒரே ஒருத்தர் விஷயத்துலதான் என்பது அவர் தரும் கணக்கு. பிரமாதம் இல்லையா? ஆனா ஆளைத் தேர்ந்தெடுத்தது யாரு? அவரேதான். முதல் தடவை மாட்டினவங்களா, மனசு முழுசாக் கெட்டுப்போகாதவங்களாப் பார்த்துத்தான் எடுப்பேன்னு அவரே எழுதியிருக்கார். இவர் எடுக்காம விட்டவங்க என்ன ஆனாங்கன்னு கணக்கு இல்லை. டெவலப்பரே டெஸ்டரா இருந்து, ஈஸியான கேஸை மட்டும் ஓட்டிப் பார்த்து "எல்லாம் பாஸ்"னு மெயில் போட்ட மாதிரி. அகஸ்டஸைக் குறை சொல்லலை, மனுஷன் தங்கம். ஆனா இந்த மாதிரிக் கணக்குதான் அடுத்த நூறு வருஷம் ஓடிச்சு.

1878-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டு பாஸ்டனுக்குச் சம்பளத்தோட ஒரு ப்ரொபேஷன் அலுவலரை நியமிச்சது. 1899-ல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம். 1906-ல் பாஸ்டனுக்கும் ஒண்ணு. அதோட முதல் நீதிபதி ஹார்வி பேக்கர் 1915-ல் இறந்தப்புறம் அவர் பேர்ல 1917-ல் ஒரு கிளினிக் வந்தது. கோர்ட்டுக்கு வர்ற பசங்களை டாக்டர்களும் மனநல நிபுணர்களும் பார்த்து "இவனுக்கு இது செய்யுங்க"ன்னு எழுதிக் கொடுக்கிற இடம். அந்தக் காலத்துல உலகத்துக்கே முன்மாதிரின்னு பேர்.

அப்புறம் 1934-ல் ஷெல்டன் க்ளூக், எலினார் க்ளூக்னு ஹார்வர்டு தம்பதி ஒரு புத்தகம் போட்டாங்க. அந்த கிளினிக்குக்குப் போன ஆயிரம் பசங்களைத் தேடிப் பிடிச்சு, அடுத்த அஞ்சு வருஷத்துல என்ன ஆனாங்கன்னு பார்த்திருந்தாங்க. 88 சதவீதம் பேர் மறுபடியும் தப்பு பண்ணியிருந்தாங்க.

எண்பத்தெட்டு! டிபார்ட்மெண்டே ஆடிப்போச்சு. கிளினிக் சொன்னதைக் கோர்ட்டு முழுசாச் செய்யலை, ஒப்பிட வேற கூட்டம் இல்லை, அதனால 88 நல்லதா கெட்டதான்னே சொல்ல முடியாதுன்னு பல சமாதானங்கள். கடைசியாச் சொன்னது நியாயமான வாதம். ஒண்ணுமே செய்யாம விட்டிருந்தா 95 ஆகியிருக்கலாம். 70 ஆகவும் இருந்திருக்கலாம்.

இந்த இடத்துலதான் கதைக்குள்ள ரிச்சர்ட் கிளார்க் காபட் வர்றார். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். பாஸ்டன்ல பெரிய டாக்டர், பணக்காரக் குடும்பம். தன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனவங்களோட பிரேதப் பரிசோதனை முடிவையும், உயிரோட இருந்தப்போ டாக்டர்கள் எழுதின நோயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எத்தனை தடவை தப்பாச் சொல்லியிருக்கோம்னு 1912-ல் வெளியிட்டவர். சக டாக்டர்கள் எவ்வளவு 'சந்தோஷப்பட்டிருப்பாங்க'ன்னு சொல்லத் தேவையில்லை. 1931-ல் சமூகப் பணியாளர்களோட தேசிய மாநாட்டுக்குத் தலைவரா இருந்தப்போ, அவங்க முன்னாடியே நின்னு, உங்க வேலையோட பலனை அளந்து காட்டுங்க, நம்பிக்கையும் நாலு நல்ல உதாரணமும் போதாதுங்கிற அர்த்தத்துல பேசினார். க்ளூக் தம்பதியோட புத்தகத்தையும் படிச்சு அதைப்பத்தி எழுதினார்.

எழுதிட்டுச் சும்மா இருக்கலை. சொந்தப் பணத்துலயே ஒரு சோதனையை ஆரம்பிச்சார். பாஸ்டனை ஒட்டின கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர். ரெண்டுலயும் நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே 650 சின்னப் பசங்க. இவங்க கோர்ட்டுக்கே இன்னும் போகாதவங்க, ஆனா கொடுக்கப்பட்ட சேவை ப்ரொபேஷன்ல கொடுக்கிற அதே வகை. 'இவன் தறுதலையாப் போயிடுவான்'னு ஆசிரியர்கள் சொன்ன பசங்களோட சாதாரணப் பசங்களையும் கலந்து சேர்த்துக்கிட்டாங்க. வயசு, குடும்பம், வீட்டுச் சூழல், குணம் எல்லாம் பார்த்து ஜோடி ஜோடியாப் பிரிச்சாங்க. 325 ஜோடி. இந்த ஜோடி சேர்க்கிற வேலைக்கே வருஷக்கணக்கா ஆச்சு. அப்புறம் ஒவ்வொரு ஜோடிக்கும் காசைச் சுண்டிப் போட்டாங்க. ஒருத்தனுக்கு உதவி, இன்னொருத்தனுக்கு ஒண்ணும் கிடையாது.

இதைப் படிக்கிறப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு, பூ விழுந்தா ஒரு அண்ணன் வந்து டியூஷன் எடுப்பார், தலை விழுந்தா யாரும் வரமாட்டாங்க. கல்நெஞ்சம்னு தோணும். ஆனா உதவிங்கிறது உண்மையிலேயே உதவிதானான்னு தெரியாதப்போ, காசு சுண்டுறதைவிட நியாயமான வழி எது? இதுக்கான பதில் முப்பது வருஷம் கழிச்சு ரொம்பக் கசப்பா வந்தது.

1939-ல் வேலை ஆரம்பிச்ச அதே வருஷம் காபட் இறந்துட்டார். ஆனா திட்டம் 1945 வரைக்கும் நடந்தது. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கவுன்சிலர். சராசரியா மாசத்துக்கு ரெண்டு தடவை, சுமார் அஞ்சு வருஷம். படிப்பு வராத பையனுக்கு டியூஷன், உடம்பு சரியில்லாதவனுக்கு மருத்துவம், வீட்டுச் சண்டைக்கு சமரசம், கோடையில் சிலருக்கு கேம்ப். இப்ப இருக்கிற எந்த காண்ட்ராக்டை எடுத்துப் பார்த்தாலும் இவ்வளவு வருஷம், இவ்வளவு நெருக்கமா செய்யறது அபூர்வம். 1951-ல் முதல் மதிப்பீடு வந்தது. கவுன்சிலர்களைக் கேட்டா, சுமார் மூணுல ரெண்டு பங்கு பசங்களுக்கு நல்ல பலன்னு சொன்னாங்க. போலீஸ், கோர்ட்டு ஏடுகளைப் பார்த்தா காசு பூ விழுந்தவனுக்கும் தலை விழுந்தவனுக்கும் வித்தியாசம் இல்லை.

நாளாக நாளாத் தெரியும்னு சிலர் சமாதானம் சொல்லிக்கிட்டாங்க. நாளும் ஆச்சு. ஜோன் மெக்கார்டுங்கிற ஆராய்ச்சியாளர், 1950-களிலேயே கணவரோட சேர்ந்து இந்தக் கோப்புகளைப் படிச்சவங்க, 1975 வாக்கில் அந்தப் பசங்களை, அதாவது நடுத்தர வயசு ஆண்களை, திரும்பத் தேட ஆரம்பிச்சாங்க. கடைசிவரை திட்டத்துல இருந்த 253 ஜோடி, 506 பேர். இன்டர்நெட் இல்லாத காலம். கோர்ட்டு, மனநல ஆஸ்பத்திரி, குடி மீட்பு மையம், இறப்புப் பதிவுன்னு அலைஞ்சு பெரும்பாலோரைக் கண்டுபிடிச்சுட்டாங்க. 1978-ல் முடிவு வெளியாச்சு.

உதவி கிடைச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர், அந்தத் திட்டம் எனக்கு நல்லது பண்ணிச்சுன்னு சொன்னாங்க. சிலர் கவுன்சிலரைப் பேர் சொல்லி நன்றியோட நினைச்சுப் பார்த்தாங்க.

ஏடுகள் வேற சொல்லிச்சு. ஒரு தடவை குற்றம் பண்ணினவங்கள்ல மறுபடி பண்ணினவங்க உதவி கிடைச்ச பக்கம்தான் அதிகம். குடிநோய் அறிகுறி, கடுமையான மனநோய் அறிகுறி, ரத்த அழுத்தம் மாதிரி மன உளைச்சலோட வர்ற நோய், சின்ன வயசுலயே மரணம் எல்லாமே அந்தப் பக்கம்தான் கூட. ஒண்ணுல கூட உதவி கிடைச்சவங்க மேல வரலை. அதைவிட மோசம், யாருக்கு அதிகக் காலம் அதிகக் கவனம் கிடைச்சதோ அவங்க நிலைதான் இன்னும் மோசம்.

ஏன்? மெக்கார்டு பல ஊகங்கள் சொன்னாங்க. கைப்பிடிச்சு நடத்தறவர் திடீர்னு போயிட்டா வர்ற ஏமாற்றம், தன்னைப் பத்தியே 'உதவி தேவைப்படுறவன்'னு ஒரு எண்ணம் வந்துடறது, இப்படி. பின்னாடி செஞ்ச அலசல்ல, ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை கோடை கேம்புக்குப் போனவங்ககிட்டதான் கெடுதல் குவிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. 1999-ல் தாமஸ் டிஷியனும் மெக்கார்டும் இன்னொருத்தரும் சேர்ந்து எழுதின கட்டுரை இதைப் பேசுது: வாலுப் பசங்களை ஒரே இடத்துல சேர்த்து வெச்சா, ஒருத்தன் சாகசத்தைச் சொல்ல மத்தவன் சிரிக்க, அந்தச் சிரிப்பே பாராட்டாகி... ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

விளையாட்டில்லை இது. இன்னிக்கும் பல இடங்கள்ல காண்ட்ராக்ட் வாங்கின அமைப்பு செய்யறது, வழக்கு உள்ள பதினைஞ்சு பசங்களை ஒரு அறையில உட்கார வெச்சு வகுப்பு எடுக்கறதுதான். ஏன்னா ஒருத்தருக்கு ஆகிற செலவு அப்பதான் குறையும்.

இப்ப கதை அதே மாநிலத்துல இன்னொரு பக்கம் போகுது. 1848-ல் மாசசூசெட்ஸ், வெஸ்ட்பரோங்கிற ஊர்ல பசங்களுக்கான சீர்திருத்தப்பள்ளி திறந்தது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசு நடத்தின முதல் பள்ளி அது. பின்னாடி லைமன் பள்ளின்னு பேர் மாறிச்சு. நூத்திருபது வருஷத்துல மொட்டைத் தலையும் பேசாம வரிசையில நடக்கிறதுமா, பள்ளிங்கிற பேர்ல ஜெயிலாயிடுச்சு. 1969-ல் ஜெரோம் மில்லர்ங்கிற சமூகப் பணிப் பேராசிரியரை இளைஞர் சேவைத் துறைக்கு ஆணையராப் போட்டாங்க. முதல்ல உள்ளேயே திருத்தப் பார்த்தார். மொட்டை அடிக்காதீங்க, பசங்களைப் பேச விடுங்கன்னார். ஊழியர்கள் மசியலை. கட்டடம் இருக்கிறவரைக்கும் இது மாறாதுன்னு முடிவு பண்ணி, இழுத்து மூட ஆரம்பிச்சுட்டார்.

1972 ஜனவரியில லைமன்ல இருந்து பசங்களைக் கார்ல ஏத்தி, வரிசையா ஓட்டிக்கிட்டு ஆம்ஹர்ஸ்ட்ல இருக்கிற மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. சுமார் நூறு பசங்க ஒரு மாசம் காலேஜ் மாணவர்களோட தங்கினாங்க. அதுக்குள்ள அவங்களுக்கு வீடு, வளர்ப்புக் குடும்பம், சின்ன விடுதின்னு தேடணும்! திட்டம்னு பார்த்தா பைத்தியக்காரத்தனம். ஆனா கொஞ்சம் கொஞ்சமா மாத்தியிருந்தா விடமாட்டாங்கன்னு மில்லர் கணக்குப் போட்டார். அவர் சொன்னது சரின்னுதான் எனக்குத் தோணுது. 1973-ல் அவர் வேற மாநிலத்துக்குப் போயிட்டார், பள்ளிகள் திரும்பத் திறக்கலை. பழைய பள்ளிகளோட இடத்தை காண்ட்ராக்ட் அமைப்புகள் பிடிச்சுது. சின்ன விடுதி, பகல் நேரப் பயிற்சி, பையனை ஒரு நாளைக்குப் பல தடவை தொடர்பு கொண்டு பின்தொடர்ற 'ட்ராக்கிங்', எல்லாமே வெளியிலருந்து வாங்கின சேவை.

(இந்தப் பசங்க கோர்ட்டு மாநிலத் துறைகிட்ட ஒப்படைச்சவங்க, ப்ரொபேஷனைவிட ஒரு படி மேல. ஆனா வாங்கின சேவை ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான்.)

ஹார்வர்டுல லாயிட் ஓலின் தலைமையில ஒரு குழு இதை வருஷக்கணக்காப் பக்கத்துல இருந்து பார்த்தது. பள்ளிகள் இருந்த 1968-ல் வெளியே வந்த பசங்களையும் 1974 பசங்களையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி கோர்ட்டு ஏறினவங்க 1968-ல் 66 சதவீதம், 1974-ல் 74. புதுசா ப்ரொபேஷனோ தண்டனையோ வாங்கினவங்க 47-லருந்து 55.

அவ்வளவுதான், மில்லர் தோத்துட்டார்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். பலர் எழுதினாங்க. அந்தக் குழு செஞ்ச நல்ல காரியம், அந்த ஒத்தை எண்ணை உடைச்சுப் பார்த்தது. முதல் விஷயம், ரெண்டு வருஷப் பசங்களும் ஒரே மாதிரி இல்லை. 1974 வாக்குல சின்னத் தப்பு பண்ணினவங்களைத் துறைகிட்ட அனுப்பறதே குறைஞ்சு போச்சு, வந்தவங்க கரடுமுரடானவங்க. அகஸ்டஸ் ஈஸியான ஆளை எடுத்து ஜெயிச்சார்னா, இங்கே அதே சமாச்சாரம் தலைகீழா. ரெண்டாவது, மாநிலத்தை ஏழு வட்டாரமாப் பிரிச்சுப் பார்த்தா, பலவகைச் சேவைகளை நல்லா அமைச்ச வட்டாரங்கள்ல முடிவு மேலாகவே இருந்தது. பேருக்குச் செஞ்ச இடங்கள்தான் மொத்தக் கணக்கையும் இழுத்துச்சு. மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படறது: திட்டத்துக்குள்ள இருக்கிறப்போ பையன் நல்லாத்தான் இருந்தான், அங்கே அவன்கிட்ட தெரிஞ்ச மாற்றமும் உண்மை. ஆனா திரும்பி அதே தெரு, அதே பள்ளிக்கூடம், அதே கூட்டாளிகள்கிட்ட போனதும் அது கரைஞ்சு போச்சு. பள்ளிக்கூடம், வேலை, குடும்பத்தோட பையனைக் கோத்து விடறதுக்கு எந்த அமைப்பு மெனக்கெட்டதோ அங்கேதான் ஏதாவது மிஞ்சிச்சு.

அப்படின்னா பழைய பள்ளிகள் தேவலையான்னு கேட்டா, இல்லை. 1989-ல் தேசியக் குற்ற ஆய்வுக் கழகம் மாசசூசெட்ஸைப் பெரிய பள்ளிகள் வெச்சிருந்த மாநிலங்களோட ஒப்பிட்டப்போ, மீண்டும் தப்பு செய்யற அளவு அவங்களுக்குச் சமமாவோ குறைவாவோ இருந்தது. செலவும் கம்மி. பூட்டி வெச்சதுனால கிடைச்சதுன்னு ஒண்ணும் தனியா இல்லை.

காண்ட்ராக்ட் கொடுக்கிற அரசாங்கம் இதுலருந்து என்ன பண்ணணும்? நான் பார்த்த வரைக்கும் ஒழுங்கா யோசிச்ச இடம் ஃபிலடெல்ஃபியா. 1994-லருந்து அங்கே டெம்பிள் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 'ப்ரோடெஸ்'னு ஒரு ஏற்பாட்டை நடத்தினாங்க. கோர்ட்டு எந்தத் திட்டத்துக்கு அனுப்பினாலும், பையனைப் பத்தின தகவல் நாலு தடவை சேகரிக்கப்படும்: தீர்ப்பு வந்தப்போ, திட்டத்துல சேர்ந்தப்போ, வெளியே வந்தப்போ, வந்து ஆறு மாசம் கழிச்சு. சேவை கொடுக்கிறவங்க சொல்ற கணக்கு இல்லை, வெளியாள் எடுக்கிற கணக்கு. அந்த நாலாவது தடவைதான் விஷயமே. அந்தக் கடைசித் தகவலுக்காக யாரும் பில் போட முடியாதே! காண்ட்ராக்ட் முடிஞ்சு, ஃபைல் மூடி, பையன் தெருவுக்குப் போய் ஆறு மாசம் ஆகியிருக்கும்.

2009-ல் மார்க் லிப்சே 548 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்து அலசினப்போ தெரிஞ்சதுல ரெண்டு. பயமுறுத்தி, கட்டுப்பாடு போட்டுத் திருத்தற திட்டங்கள் வேலைக்கு ஆகலை, சில சமயம் கெடுத்துச்சு. பேசி, கத்துக்கொடுத்து, கூட நிக்கிறது ஓரளவு வேலை செஞ்சது, அதுவும் ஆபத்து அதிகமுள்ள பசங்ககிட்டதான் கூடுதலா. ஈஸியான பையனை எடுத்துக்கிட்டு ரிப்போர்ட்ல ஜெயிக்கிற அமைப்புக்கு இது நல்ல செய்தி இல்லை.

கேம்பிரிட்ஜ்-சோமர்வில் பசங்க கதை இன்னும் முடியலை. ஜோன் மெக்கார்டு 2004-ல் இறந்துட்டாங்க. அவங்க விட்ட இடத்துலருந்து பிராண்டன் வெல்ஷ்னு ஒருத்தரும் அவர் குழுவும் எடுத்தாங்க. அந்த 506 பேரோட இறப்புப் பதிவுகளைத் தேடி, உதவி ஆரம்பிச்சு 72 வருஷம் வரைக்கும் பார்த்து, 2019-ல் வெளியிட்டாங்க. பெரும்பாலோர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. எந்த வயசுல செத்தாங்க, சீக்கிரம் செத்தாங்களா, எதனால செத்தாங்கங்கிறதுல காசு பூ விழுந்தவங்களுக்கும் தலை விழுந்தவங்களுக்கும் புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லையாம்.